சிண்ட்ரெல்லாவின் அப்பா

அன்புள்ள மேடம்,

நான் அரசுக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் மூன்றாம் வருஷம். வீடு கொருக்குப்பேட்டை. எங்கள் பாடத்தில் தேவதைக் கதைகளைத் திருப்பி எழுதிய பெண் கவிஞர்கள் பற்றி ஒரு பகுதி வந்தது. அமெரிக்கக் கவிஞர் ஆன் செக்ஸ்டன் 1971-இல், ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 17 கதைகளைக் கவிதையாக்கினார் என்று மிஸ் நடத்தினார்கள். அன்றிலிருந்து எனக்கும் அதே பைத்தியம். ஒன்பது கவிதை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் எங்கள் ஏரியாவில் நடக்கிற மாதிரி.

வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அம்மாதான் ரொம்பப் படுத்துகிறார்கள். வெயிலில் அலையாதே, கறுத்துப்போவாய். போனை வை. பெரியம்மா பெண்ணைப் பார், கல்யாணமாகிக் கையில் குழந்தை. போன மாதம் வந்தவர்களில் ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போட்டோவுல கலரா இருந்துச்சே" என்றார். அதை ஸ்நோ ஒயிட் கண்ணாடியாக எழுதியிருக்கிறேன். புதுமைப் பெண் பணம் ஆயிரம் மாதாமாதம் வருகிறது. கார்டு வீட்டில் இருக்கிறது, அதனால் புத்தகம் வாங்கக்கூடக் கேட்க வேண்டும்.

மரபில் எழுதணுமா, புதுக்கவிதை போதுமா? வெள்ளைக்காரக் கதைகளை வைத்து எழுதினால் ஏற்பார்களா? எந்தப் பத்திரிகை போடும்? நான் வடசென்னைக்காரி, தமிழ் சுத்தமாக வராது, மன்னிக்கவும். பெயர் போட வேண்டாம். அப்பா பார்த்துவிடுவார்.

ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

*

கொருக்குப்பேட்டைப் பெண்ணுக்கு,

மேடம் வேண்டாம். நான் தண்டையார்ப்பேட்டையில் வளர்ந்தவள். அங்கே என் வயசுக்காரியைப் பெரிம்மா என்பார்கள். அதுவே போதும்.

திட்ட வேண்டியதை முதலில் திட்டிவிடுகிறேன். 'வடசென்னைக்காரி, மன்னிக்கவும்' என்றால் என்ன அர்த்தம்? யார் உன்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னது? உன் ஒன்பதில் செத்துக் கிடப்பவை எல்லாம் நீ சுத்தமாக எழுதப் பார்த்தவை. 'துயிலும் நங்கை' என்று ஒன்று. உங்கள் தெருவில் எவளையாவது நங்கை என்று கூப்பிட்டுப் பார், என்ன பதில் வருகிறதென்று தெரியும். பூசணித் தேர் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ள, கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருக்க, மணி பன்னிரண்டு அடித்துவிடுகிறதே, அந்தக் கவிதையைப் படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்தேன். பிறகு மறுபடி படித்தேன், சிரிப்பு வரவில்லை. அதை எழுதிய கைதான் மன்னிப்பும் கேட்கிறது! இன்னொரு தரம் கேட்டால் கடிதத்தைப் பிரிக்கவே மாட்டேன்.

மரபா புதுசா என்பது உன் காதின் பாடு. வெள்ளைக்காரக் கதை என்று எவனாவது முகம் சுளித்தால் என்னிடம் அனுப்பு. பத்திரிகை விஷயம் பிறகு.

உன் கடிதம் வந்தபோது நான் கிரிம் கதைகளைத்தான் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன், பேத்திக்குச் சொல்வதற்காக. அவள் நடுவில் ஒரு கேள்வி கேட்டாள்: "சிண்ட்ரெல்லாவோட அப்பா செத்துட்டாரா?" ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சினிமாவில் அப்படித்தான். கிரிம் கதையில் அவர் சாகவில்லை. பிரெஞ்சுக்காரர் பெரோ 1697-இல் எழுதியதிலும் சாகவில்லை. கதை முழுக்க அதே வீட்டில் இருக்கிறார்.

இருந்து என்ன செய்கிறார் என்று கிரிம் கதையில் பார். சந்தைக்குப் போகும்போது மூன்று பெண்களையும் என்ன வேண்டும் என்று கேட்கிறார். மற்ற இருவருக்கும் பட்டும் முத்தும். இவள் கேட்ட மரக்கிளையை இவளுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார், பெண் அடுப்புச் சாம்பலில் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே. விருந்திலிருந்து ஓடிவந்த பெண் புறாக்கூண்டுக்குள் புகுந்துவிட்டாள் என்று ராஜகுமாரன் சொல்கிறபோது, அது நம் பெண்ணாக இருக்குமோ என்று அவருக்குத் தோன்றுகிறது. தோன்றியும் என்ன, கோடரி வரவழைத்துக் கூண்டைப் பிளக்கிறார்கள். மறுநாள் அவள் ஏறி ஒளிந்த மரத்தையும் வெட்டுகிறார்கள். கடைசியில் செருப்போடு வந்து, வேறு பெண் இருக்கிறாளா என்று கேட்கிறான். இல்லை என்கிறார். செத்துப்போன மனைவியின் பெண் ஒருத்தி இருக்கிறாள், வளர்த்தியில்லாத சாம்பல்காரி, அவள் எப்படி மணப்பெண்ணாக முடியும் என்கிறார். பெற்ற அப்பன் வாயிலிருந்து வருகிறது இது. முடிவில் அக்காமார் இருவருக்கும் புறாக்கள் கண்ணைக் கொத்திவிடுகின்றன. அப்பாவின் மேல் ஒரு இறகுகூடப் படவில்லை.

ஒரு கதையோடு போகட்டும் என்றால் போகவில்லை. ஹான்ஸல் கிரெட்டலைக் காட்டில் விட்டுவரச் சம்மதித்த அப்பாவைக் கடைசியில் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்கள், செத்துப்போவது அம்மா. கையிழந்த பெண்ணின் கதையில் சாத்தானுக்குப் பயந்து மகளின் இரண்டு கையையும் வெட்டுகிறவர் அப்பா. ஸ்நோ ஒயிட்டின் அப்பா ஒரு ராஜா. அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அந்தக் கண்ணாடியிடம் யாரும் கேட்கவில்லை.

சகோதரர்கள் இந்தக் கதைகளைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். 1812 முதல் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819-இல் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். ஹான்ஸலின் அம்மாவும் முதலில் பெற்றவள்தான், 1840-இல் அவளையும் மாற்றினார்கள். தாயின் பெயர் கெடக் கூடாது என்று அவ்வளவு மெனக்கெட்டவர்கள் இந்த அப்பாக்களை மாற்றாந்தகப்பன் ஆக்கவில்லை. அப்பாவின் பெயர் கெடும் என்று யாருக்கும் தோன்றவில்லை போல.

இப்போது உன் கவிதைகளுக்கு வா. ஆறு கவிதையில் அம்மா இருக்கிறாள். சூனியக்காரி, கோபுரத்துக் கிழவி, விஷச் சீப்பு விற்கிறவள். ஒன்பதிலும் தேடிவிட்டேன், அப்பா ஒரு வரியில்கூட இல்லை. இருநூறு வருஷமாகக் கிரிம் செய்ததையே நீயும் செய்கிறாய், அதற்குப் பெண்ணியம் என்று தலைப்பு வேறு.

என் அப்பா என் கல்யாணம் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது அம்மாவிடம், "அவங்க கேக்கறாங்க" என்பார். அவ்வளவுதான். எந்த அவங்க, என்ன கேட்டார்கள் என்று கிடையாது. விடிந்ததும் அது அம்மாவின் குரலில் என் தலையில் விழும். படிச்சுக் கிழிச்சது போதும், ஜன்னல்ல நிக்காத, அந்தப் பாவாடைய மாத்து. வருஷக்கணக்காக நான் வெறுத்தது அம்மாவை. அப்பாவுக்குக் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நம்மிடமும் இப்படிக் கதைப்பாட்டு இருக்கிறது. கொண்டித்தோப்பில் இரத்தின நாயக்கர் அச்சகம் பெரிய எழுத்துப் புத்தகங்களாகப் போட்டு விற்றதில் அல்லி அரசாணி மாலை ஒன்று. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குவது. மதுரையைப் பிடித்திருந்த நீன்முகனைக் கொன்று, பெண்களை வைத்துக்கொண்டே ராஜ்ஜியம் நடத்துகிறவள் அல்லி. ஆம்பளை வாடையே வேண்டாம் என்றவள். அர்ச்சுனனுக்கு அவள்தான் வேண்டும். கிருஷ்ணர் பாம்பாட்டியாகிறார், அர்ச்சுனன் பாம்பாகிறான். ஆசைப்பட்டுப் பாம்பை அவள் அறைக்குள் கொண்டுபோகிறாள். தூங்குகிறபோது தாலி ஏறிவிடுகிறது.

எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் என் அத்தை இதை ராகம் போட்டுப் படிப்பாள். சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு எழுத்துத் தெரியாது. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் ஆயா ஒருத்தி கூடை கழுவின கையோடு வந்து உட்காருவாள். தாலி கட்டுகிற இடம் வந்ததும் மற்றவர்கள் அர்ச்சுனனைக் கரித்துக்கொட்டுவார்கள். ஆயா மட்டும், "அவன வுடு. அந்தப் பாம்பாட்டி இன்னா சொன்னான், அதத் திரும்பப் படி" என்பாள். அத்தை, "அவரு சாமி, ஆயா" என்பாள். "சாமின்னா? ஊட்ல பூந்து பாம்ப வுட்டவன் அவந்தானே? நல்லது பண்றேன்னு நடுவுல நிக்கறவன எவளாச்சும் கேட்டீங்களாடி?"

ஆன் செக்ஸ்டனைப் படி, வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே இந்த ஆயாவையும் வைத்துக்கொள். கதையில் யாரை யாரும் கேட்கவில்லையோ அவரைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்பாள். ராஜகுமாரன் வேண்டாம், நானே என் ராணி என்று முடிப்பது சுலபம். உன் நாலு கவிதை அப்படித்தான் முடிகிறது, நாலும் ஒரே கவிதை.

இன்னொன்று. உனக்கு வரும் அந்த ஆயிரம் ரூபாய் எங்கிருந்து வந்தது தெரியுமா? மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் அரசு கல்யாண உதவி கொடுத்துவந்தது, பணமும் தாலிக்கு 8 கிராம் தங்கமும். அதைத்தான் மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் மேற்படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடக்க விழா நடந்தது நம் பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியில். தாலியாகப் போயிருக்க வேண்டிய காசு உன் பெயரில் வருகிறது. 'கார்டு வீட்டில் இருக்கிறது' என்று எழுதுகிறாய். வீட்டில் என்றால் எங்கே? அஞ்சறைப் பெட்டியிலா, சட்டைப் பையிலா? அம்மா படுத்துவதைப் பத்து வரி எழுதத் தெரிந்தவளுக்கு இதை ஒரு வரியில் சொல்ல முடியவில்லை.

கடைசி வரியில் வந்துவிட்டது பார்: 'அப்பா பார்த்துவிடுவார்.' ஒன்பது கவிதையிலும் இல்லாதவர் அங்கே நிற்கிறார். பெயர் போடவில்லை, பயப்படாதே. பத்தாவதாக அவரை எழுது. ராட்சசனாக்கிவிடாதே, அது அம்மாவுக்குச் செய்ததையே இவருக்கும் செய்வதாகும். நல்ல மனுஷனாகத்தான் இருப்பார். 'கலரா இருந்துச்சே' என்று அந்த அம்மாள் சொன்னபோது அவரும் அதே கூடத்தில்தானே இருந்திருப்பார்? என்ன செய்தார்? தரையைப் பார்த்தாரா, காபி எடுத்துக்கச் சொன்னாரா? உனக்குத் தெரியும். அங்கிருந்து தொடங்கு.

அதை அனுப்பு, பத்திரிகை பற்றி அப்புறம் பேசலாம். அதற்குள் பூசணித் தேரையும் கண்ணாடியையும் பத்திரமாக எடுத்து வை. கண்ணாடியில் அந்த அம்மாள் பேச்சுக்குப் பிறகு நீ எழுதிய விளக்கம் நாலு வரியையும் அடித்துவிடு. ஹவுஸிங் போர்டு நாலாவது மாடி ஜன்னலிலிருந்து பொன்னிறக் கூந்தலைத் தொங்கவிடுகிறாளே ஒருத்தி, அவளை இன்றைக்கே கிழித்துப் போடு. கொருக்குப்பேட்டையில் யாருக்கடி பொன்னிற முடி?