மோட்டார்ஹோம் டயருக்கு எத்தனை பிஎஸ்ஐ?

வாசகர் கேள்வி – பதில்: வாகனம்

கேள்வி: ஃபோர்டு ஈ-450 சேசிஸில் கட்டிய பழைய சி கிளாஸ் மோட்டார்ஹோம் (வேன் சேசிஸின் மேல் கட்டிய வீட்டு வண்டி) வாங்கியிருக்கிறோம். ஆறு டயரும் எல்டி 225/75 ஆர்16, லோடு ரேஞ்ச் (சுமை வகுப்பு) ஈ. கதவோர ஸ்டிக்கரில் ஆக்சில் உச்ச எடை முன்னால் 5,000, பின்னால் 9,600 பவுண்டு என்றும், காற்று முன்னால் 75, பின்னால் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்றும் இருக்கிறது. டயரிலோ 80 என்று பொறித்திருக்கிறது. கடைக்காரர் ஆறிலும் 80 பிடித்துவிட்டார். முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. எது சரி?
– வாசகர், டல்லாஸ்

பதில்: டயரில் பொறித்த 80 என்பது பிடிக்கச் சொல்லும் அளவு அல்ல. 80 பிஎஸ்ஐ இருந்தால் இந்த டயர் தனியாக 2,680 பவுண்டு தாங்கும், பின்னால் ஜோடியாக ஓடும்போது ஒவ்வொன்றும் 2,470 பவுண்டு தாங்கும். அது சொல்வது அவ்வளவுதான். ஸ்டிக்கரில் உள்ள எண் ஆக்சிலின் உச்ச எடைக்குப் போட்ட கணக்கு. முன்னால் 5,000 என்றால் டயருக்கு 2,500. டயர் கம்பெனியின் சுமை அட்டவணைப்படி அதற்கு 70 பிஎஸ்ஐ (2,440 பவுண்டு) போதாது, 75 (2,560) வேண்டும். பின்னால் 9,600-ஐ நான்கால் வகுத்தால் 2,400. 75-இல் ஜோடி டயர் தாங்குவது 2,330 மட்டுமே, அதனால் 80. எடை போடும் வரை ஸ்டிக்கர்படியே ஓட்டுங்கள். முன் டயர்களில் இப்போதே 75-க்குக் குறைத்துவிடலாம், ஆனால் டயர் குளிர்ந்திருக்கும் காலையில்.

அடுத்து எடை. பயணத்துக்குக் கிளம்பும் கோலத்திலேயே போட வேண்டும்: பெட்ரோல், புரொப்பேன், நல்ல தண்ணீர் எல்லாம் நிரப்பி, சாமான் ஏற்றி, எல்லோரும் உட்கார்ந்து. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிரம்பினாலே 330 பவுண்டுக்கு மேல் ஏறிவிடும். லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் உள்ள ‘கேட் ஸ்கேல்’ (CAT Scale) எடை மேடையில் முன் ஆக்சில் ஒரு தட்டிலும் பின் ஆக்சில் அடுத்த தட்டிலும் நிற்கிற மாதிரி நிறுத்தினால் இரண்டு எடையும் தனித்தனியே ரசீதில் வரும்.

அது பாதி வேலைதான். மோட்டார்ஹோமில் ஃபிரிட்ஜ், ஜெனரேட்டர், ஸ்லைடு-அவுட் (வெளியே நீளும் அறைப்பகுதி) எல்லாம் ஒரே பக்கம் கூடிவிடுவது சகஜம். அதனால் சக்கரம் சக்கரமாக எடை போடுவதே நல்லது. மோட்டார்ஹோம் பயணிகளின் சங்கமான எஸ்கேப்பீஸ் ஆர்வி கிளப்பின் ஸ்மார்ட்வே எடை நிலையங்களில் இதைச் செய்து தருகிறார்கள்.

ஒரு கணக்கு பாருங்கள். முன் ஆக்சில் 4,300 பவுண்டு. இடப்பக்கம் 2,250, வலப்பக்கம் 2,050. சராசரி 2,150 என்று எடுத்தால் 60 பிஎஸ்ஐ (2,190) போதும்போலத் தெரியும். இடது டயருக்கோ அது 60 பவுண்டு குறைவு. 65 (2,335) வேண்டும். பின் ஆக்சில் 8,900. ஒரு பக்கம் 4,700, மறுபக்கம் 4,200. சராசரி 2,225 என்றால் 75 தாராளம். கனத்த பக்கத்தில் டயருக்கு 2,350 வருகிறது, 75 தாங்குவது 2,330. அங்கே 80 பிடித்தே ஆக வேண்டும். கனமான பக்கத்துக்கு வரும் அளவையே அந்த ஆக்சிலின் எல்லா டயருக்கும் வையுங்கள். பக்கத்துக்கு ஒரு அளவு வைக்கக் கூடாது.

அட்டவணை தருவது குறைந்தபட்சம். அதற்கு மேல் 5 பிஎஸ்ஐ சேர்த்துக்கொள்வது நல்ல வழக்கம். இந்தக் கணக்கில் முன்னால் 70 வரும். தூக்கிப்போடுவது ஓரளவு அடங்கும். பின்னால் 80-க்கு மேல் ஏற்ற இடமில்லை, ஆகவே அங்கே சாமானைக் குறைப்பதுதான் வழி. அட்டவணையை உங்கள் டயர் கம்பெனியினுடையதாகவே பாருங்கள்.

கேள்வி: பின்னால் ஜோடியின் உள்-டயருக்குக் காற்று பார்க்கவே முடியவில்லை. கட்டையால் தட்டிப் பார்த்தால் போதாதா?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: போதாது. 80-க்கும் 60-க்கும் தட்டும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டு தலையுள்ள, 100 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும் லாரி கேஜ் வாங்குங்கள். வளைந்த தலை உள்-டயர் வால்வைப் பிடிக்கும். எட்டாவிட்டால் நீளமான உலோக வால்வு போட்டுக்கொள்ளலாம். ரப்பர் வால்வின் மேல் திருகும் வளையும் குழாய்களை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. ஆடி ஆடி இணைப்பில் கசியும், அந்தக் கசிவு உள்-டயரில் நடந்தால் கண்ணில் படாது.

ஜோடியில் ஒன்றுக்கு காற்று குறைந்தால் அதன் விட்டமும் சற்றுக் குறையும். இரண்டும் ஒரே ஆக்சிலில் பூட்டியவை, ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். சின்னது சாலையில் உரசித் தேயும், பெரியது இரண்டு பேர் சுமையையும் சுமக்கும். இரண்டுக்கும் இடையில் 5 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் விடாதீர்கள். வேண்டிய அளவில் 20 சதவீதம் குறைந்து (80-க்கு 64) ஓடிய டயரைக் காற்றில்லாமல் ஓடியதாகவே கொள்ள வேண்டும். பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளே நூல் பலவீனப்பட்டிருக்கலாம். அப்படியே காற்று ஏற்றிக் கிளம்பாமல், கழற்றி உட்புறம் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் போனோம். மறுநாள் காலை எல்லா டயரும் 8 பிஎஸ்ஐ குறைவு. பஞ்சரா?
– வாசகர், அரிசோனா

பதில்: எல்லா டயரும் ஒரே அளவு குறைந்தால் அநேகமாகக் குளிர்தான். 80 பிஎஸ்ஐ டயரில் 10 டிகிரி பாரன்ஹீட் இறங்கினால் சுமார் 1.7 பிஎஸ்ஐ இறங்கும். 100 டிகிரியில் பிடித்து 40 டிகிரியில் பார்த்தால் சுமார் 10 போயிருக்கும். ஃபிளாக்ஸ்டாஃப் ஏறத்தாழ 7,000 அடி உயரம், பீனிக்ஸைவிடக் கிட்டத்தட்ட 6,000 அடி மேலே. மேலே வெளிக்காற்று லேசானதால் கேஜ் 1,000 அடிக்கு அரை பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். அதில் 3 திரும்பி வரும். ஆக சுமார் 7, உங்கள் 8-க்கு அருகில்தான்.

அங்கேயே காலையில் உரிய அளவுக்கு ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். பெட்ரோல் பங்க் கம்ப்ரெசர் பலவும் 80-ஐ எட்டாது. டிரக் ஸ்டாப்பில் கிடைக்கும், அல்லது 150 பிஎஸ்ஐ தரும் 12 வோல்ட் கம்ப்ரெசர் கையில் இருக்கட்டும். மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்ற டயரைத்தான் அளக்க வேண்டும். வெயில் ஒரு பக்கம் விழுந்தால் அந்தப் பக்கம் கூடுதலாகக் காட்டும் என்பதால் விடியலில் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் கேஜ் 90-க்கு மேல் காட்டினாலும் காற்றை இறக்கிவிடாதீர்கள். குளிர்ந்தபின் அது ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கும்.