இரண்டாவது விசாவைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைக் கல்லூரிக் காலத்திலிருந்து படித்து வருகிறேன். ஒரு முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து இரண்டு ஆண்டுகளாக வேலையில் இருக்கிறேன். வயது 24. வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் படித்துவிட்டு அங்கேயே சில ஆண்டுகளாவது வேலை பார்க்க வேண்டும் என்று ஆசை. மூன்று இடங்களில் அட்மிஷன் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஏரோஸ்பேஸ் (ராக்கெட் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர்), பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்சி., ஜெர்மனியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலவழி மெக்கானிக்கல். கன்சல்டன்சியில், "பிரிட்டனுக்குப் போங்க, ஒரே வருஷம், அப்புறம் வேலை விசா தானா கிடைச்சிடும்" என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகன், சம்பளம் என்றால் அங்கேதான் என்கிறார். அப்பா வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கத் தயாராக இருக்கிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. எந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பது?

அன்புடன்,
(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றில் நான் ஜெர்மனியைத்தான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. அது ஏன், நிபந்தனை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிறையப் பேர் எழுதுகிறார்கள், அவர்களுக்கும் சேர்த்து.

படித்து முடித்ததும் வேலை பார்க்க ஒரு விசா தருகிறோம் என்று பல நாடுகள் சொல்கின்றன. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது அதுதான். அது வேலை தேடிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம், அவ்வளவுதான். அந்த அவகாசம் முடியும்போது இரண்டாவதாக ஒரு விசா வேண்டும். அதற்கு ஒரு நிறுவனம் உங்களை ஸ்பான்சர் செய்ய வேண்டும் (அதாவது உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்க வேண்டும்), இல்லையென்றால் புள்ளிக் கணக்கில் நீங்களே தேற வேண்டும், இல்லையென்றால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். அந்த இரண்டாவது விசாவை யார் தருவார்கள், என்ன சம்பளம் இருந்தால் தருவார்கள், உங்கள் துறையில் அப்படித் தருகிற நிறுவனங்கள் எவ்வளவு? அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வாருங்கள்.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். கன்சல்டன்சியில் சொன்னது பாதி சரி. கிராஜுவேட் விசாவுக்கு ஸ்பான்சர் தேவையில்லை, படிப்பை முடித்தால் போதும். 2021 ஜூலையில் அதைத் தொடங்கியபோது இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம்தான். நீங்கள் வரும் செப்டம்பரில் சேர்ந்தால் இந்த 18 மாதக் கணக்கில்தான் வருவீர்கள். அதற்குப் பிறகு, நிறுவனம் ஸ்பான்சர் செய்தால் கிடைக்கும் ஸ்கில்டு ஒர்க்கர் விசா. அதன் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 26,200 பவுண்டாக இருந்தது. 2024 ஏப்ரலில் ஒரேயடியாக 38,700 ஆனது, 2025 ஜூலையில் 41,700 ஆனது. படித்து முடித்துப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400 என்று ஒரு சலுகை வரம்பு உண்டு. ஆனால் கிராஜுவேட் விசாவில் கழித்த மாதங்களையும் சேர்த்து நான்கு ஆண்டுக்குத்தான் அந்தச் சலுகை. இது போக, ஒவ்வொரு தொழிலுக்கும் தனியாக ஒரு சம்பள அளவும் இருக்கிறது.

ஒரே வருடம் என்பதை லாபமாகச் சொல்கிறார்கள். வேலை தேடுகிறவருக்கு அது நஷ்டம். செப்டம்பர் கடைசியில் போய் இறங்குவீர்கள். பெரிய நிறுவனங்கள் அடுத்த ஆண்டுக்கான பட்டதாரி வேலைகளுக்குப் பெரும்பாலும் அந்த இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் வாங்கிவிடுகின்றன. வங்கிக் கணக்கு திறந்து, தங்க இடம் பார்த்து, முதல் அசைன்மென்ட் எழுதி முடிப்பதற்குள் பாதிக் கெடுக்கள் போய்விடும். காட்டுவதற்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் ஒன்றுகூட கையில் இருக்காது. கோடை முழுக்க ஆய்வேடு எழுதுவீர்கள் என்பதால் இன்டர்ன்ஷிப்புக்கும் நேரம் இருக்காது.

இன்றைக்கே செய்து பார்க்கக்கூடிய ஒன்று சொல்கிறேன். ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டன் அரசே தன் தளத்தில் வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் தரவிறக்கிக்கொள்ளலாம். நிறுவனத்தின் பெயர், ஊர், எந்த வகை விசாவுக்கு உரிமம் என்று வரிசையாக இருக்கும். இப்போது வந்திருக்கும் மெக்கானிக்கல் வேலை விளம்பரங்களில், அனுபவம் அதிகம் கேட்காத, உங்களுக்குப் பொருந்துகிற ஒரு இருபதை எடுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் பெயரையும் அந்தப் பட்டியலில் தேடுங்கள். பெயர் இருந்தால் சம்பளம் 33,400ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் விளம்பரத்தின் கடைசிப் பத்தியையும் படியுங்கள். உரிமம் வைத்திருக்கும் நிறுவனமும் எல்லா வேலைக்கும் ஸ்பான்சர் செய்யாது, 'இந்தப் பணிக்கு ஸ்பான்சர்ஷிப் கிடையாது' என்று அங்கேதான் போட்டிருப்பார்கள். இருபதில் எத்தனை மிஞ்சுகிறது என்று பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். யார் பேச்சையும்விட அந்த எண்ணை நம்பலாம்.

கன்சல்டன்சிக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாணவரைச் சேர்த்துவிட்டால் பல பல்கலைக்கழகங்கள் அவர்களுக்குக் கமிஷன் தருகின்றன, பேச்சு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும். கட்டணமே வாங்காத அரசுப் பல்கலைக்கழகம் கமிஷன் கொடுப்பதற்கில்லை. ஜெர்மனியைப் பற்றி அவர்கள் அதிகம் பேசாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்து அமெரிக்கா. உங்கள் அண்ணன் சொன்னது உண்மை, சம்பளம் அங்கேதான் அதிகம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பு என்பதால், படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியான ஓ.பி.டி. 12 மாதம், நீட்டிப்பு 24 மாதம் என மூன்று ஆண்டு வேலை பார்க்கலாம். ஆனால் முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அந்த மூன்று ஆண்டுக்குள் நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் வேலை விசாவான எச்1பிக்கான குலுக்கலில் மூன்று முறை பெயர் கொடுக்க வாய்ப்புண்டு. ஆண்டுக்கு 65,000 இடம், அங்கே மாஸ்டர்ஸ் படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. 2025 செப்டம்பரில் புதிய எச்1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் என்று திடீரென்று அறிவித்தார்கள். அங்கேயே மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கு அது இல்லை என்ற விளக்கம் அடுத்த மாதம்தான் வந்தது. அந்த இடைவெளியில் எத்தனை வீடுகளில் தூக்கம் போயிருக்கும்! கிரீன் கார்டில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பு இருப்பதால், இந்தியாவில் பிறந்தவர்கள் நிற்கும் வரிசை பல பத்தாண்டு நீளம். சில ஆண்டுகள் வேலை பார்த்தால் போதும் என்று நீங்களே எழுதியிருப்பதால் அதை விட்டுவிடுவோம்.

எனக்குக் கவலை ஏரோஸ்பேஸ் என்ற அந்தப் பாடத்தைப் பற்றித்தான். ராக்கெட்டும் ஏவுகணையும் அடிப்படையில் ஒரே தொழில்நுட்பம். அதனால் ராக்கெட் தொடர்பான பெரும்பாலானவை அமெரிக்காவில் ஐட்டார் எனப்படும் ஆயுத ஏற்றுமதி விதிகளுக்குள் வருகின்றன. அந்த விதிப்படி, கட்டுப்பாடு உள்ள ஒரு வரைபடத்தை அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு வெளிநாட்டவருக்குக் காட்டினாலும் அது ஏற்றுமதிதான், அனுமதி வாங்க வேண்டும். எந்த நிறுவனம் ஒரு புதுப் பட்டதாரிக்காக அந்தப் பாடுபடும்? விண்வெளி நிறுவனங்களின் வேலை விளம்பரங்களைத் திறந்து கடைசிவரை படியுங்கள். விண்ணப்பிப்பவர் 'யு.எஸ். பெர்சன்' ஆக இருக்க வேண்டும் என்ற வரி திரும்பத் திரும்ப வரும். குடியுரிமை உள்ளவர், கிரீன் கார்டு உள்ளவர், அகதியாக ஏற்கப்பட்டவர் ஆகியோர்தான் அதில் அடக்கம். எச்1பி விசா கிடைத்தாலும் நீங்கள் அதற்குள் வரமாட்டீர்கள். நாசாவின் நேரடிப் பணியாளர் வேலைக்குக் குடியுரிமையே வேண்டும். அட்மிஷன் கடிதத்தில் இதை யாரும் எழுதுவதில்லை. இரண்டு ஆண்டு ராக்கெட் உந்துவிசை படித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கிய பிறகு, விண்ணப்பம் போடும் நாளில்தான் பலருக்கு இது தெரியவருகிறது. இதைப் படிக்கிற ஏரோஸ்பேஸ் மாணவர்கள் எல்லோரும் தயவுசெய்து இதைச் சேரும் முன்பே பாருங்கள்.

அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும் என்றால் அதே பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கலுக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். சிப் தயாரிப்பு இயந்திரங்கள், ரோபாட்டிக்ஸ், மருத்துவக் கருவிகள் என்று கதவு பெரிதாகத் திறக்கும்.

இப்போது ஜெர்மனி. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. விசாவுக்கு பிளாக்ட் அக்கவுண்ட் எனப்படும், மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அது உங்கள் பணம்தான், மாதம் 992 யூரோவாக உங்களுக்கே வந்துவிடும். படித்து முடித்தால் வேலை தேட 18 மாதம். படிப்புக்கேற்ற வேலை கிடைத்துவிட்டால் குலுக்கல் எதுவும் கிடையாது. அங்கே பட்டம் வாங்கியவர் தகுதியான வேலையில் இரண்டு ஆண்டு இருந்து, ஓய்வூதிய நிதிக்குப் பணம் கட்டி, பி1 அளவுக்கு (ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் மொழிப் படிநிலையில் மூன்றாவது படி) ஜெர்மன் தெரிந்திருந்தால் நிரந்தரக் குடியிருப்புக்கே விண்ணப்பிக்கலாம். நீங்கள் சொன்ன மூன்று நாடுகளில் இரண்டாவது விசா உங்கள் உழைப்பை அதிகமாகவும் அதிர்ஷ்டத்தைக் குறைவாகவும் நம்பியிருப்பது இங்கேதான்.

நிபந்தனை மொழி. ஆங்கிலவழிப் படிப்பு என்பதை நம்பி ஜெர்மன் கற்காமல் போகிறவர்கள் அந்த 18 மாதத்தில் மிகவும் கஷ்டப்படுகிறார்கள். மென்பொருளில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாம், மெக்கானிக்கலில் கடினம். பெயர் தெரிந்த கார் நிறுவனங்கள் இப்போது ஆட்களைக் குறைக்கும் நேரம் வேறு. 2030க்குள் 35,000 வேலைகளுக்கு மேல் குறைப்பதாக ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தமே போட்டுவிட்டது. ஆட்டோமேஷன், பம்ப், வால்வு, அச்சு இயந்திரம், பேக்கிங் இயந்திரம் செய்கிற நடுத்தர நிறுவனங்களை நீங்கள் தேட வேண்டியிருக்கும். பெரும்பாலும் சின்ன ஊர்களில் இருப்பவை. அங்கே இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பேசுகிற டெக்னீஷியன் ஜெர்மனில்தான் பேசுவார். பாதுகாப்பு விதிகளும் பழுதுக் குறிப்பேடும் ஜெர்மனில்தான் இருக்கும். அதனால் விமானம் ஏறும் முன் ஏ2 முடித்துவிடுங்கள், முதல் ஆண்டில் பி1, பட்டம் வாங்கும்போது பி2. இப்போதைய வேலையோடு தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியாது என்றால் என் பதிலே மாறிவிடும்.

ராக்கெட் ஆசையை விடச் சொல்லவில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையும் பொதுவாக உறுப்பு நாடுகளின் குடிமக்களைத்தான் எடுக்கிறது. ஆனால் ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையமான டி.எல்.ஆர். போன்ற இடங்களில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். மாஸ்டர்ஸுக்குப் பிறகு முனைவர் பட்டம் வழியாக அந்தப் பக்கம் போகலாம்.

நீங்கள் கேட்காத நாடுகளைப் பற்றி மற்றவர்களுக்காக இரண்டு வரி. கனடாவில் 2024 நவம்பரிலிருந்து கல்லூரி டிப்ளமோக்களில் குறிப்பிட்ட சில துறைகளுக்கே படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி, அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து அந்த விசாவுக்குப் பெரும்பாலோருக்கு வயது வரம்பு 35. நர்சிங், மருத்துவம், சட்டம் படிக்கப் போகிறவர்கள் விசாவுக்கு முன்னால் அந்தந்த நாட்டின் உரிமத் தேர்வைப் பாருங்கள்.

இனி அப்பாவின் வீடு. கடிதத்தில் எனக்கு மிகவும் பட்ட வரி அதுதான். விதிகள் நடுவழியில் மாறும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை பிரிட்டன் 2012 ஏப்ரலில் மூடியது, திரும்பத் திறக்க 2021 ஆனது. மூடுவதற்கு முந்தைய ஆண்டுகளில் கடன் வாங்கிப் போய்ச் சேர்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அதனால் ஒரு கணக்குப் போடுங்கள். பட்டம் வாங்கிய மறு வாரமே திரும்பி வந்து, இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம் கூடுதல் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தால், அந்தக் கடனின் மாதத் தவணையைக் கட்டிக்கொண்டு வாழ முடியுமா? முடியும் என்றால் தைரியமாகப் போங்கள். முடியாது என்றால் அந்தக் கடன் வேண்டாம், நாடு எதுவாக இருந்தாலும். கட்டணமில்லாத பல்கலைக்கழகமாக இருந்தால் வாழ்க்கைச் செலவுக்கு மட்டும்தான் கடன் தேவைப்படும். உங்கள் இரண்டு ஆண்டுச் சேமிப்பு சேர்ந்தால் வீட்டுப் பத்திரத்தைத் தொடாமலே முடியலாம். அப்பாவோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

பிரிட்டன் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டக் கன்சல்டன்சியில் அவசரப்படுத்துவார்கள். அந்த இருபது விளம்பரக் கணக்கு முடியும்வரை கட்டாதீர்கள். அதே வாரத்தில் ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப் செமஸ்டர் உண்டா, ஆய்வேட்டை ஒரு நிறுவனத்தில் செய்ய விடுவார்களா, சென்ற ஆண்டு மாணவர்கள் எந்த நிறுவனங்களில் செய்தார்கள் என்று மூன்றே கேள்விகள். ஆய்வேடு செய்த இடத்திலேயே வேலைக்கு எடுத்துக்கொள்வது அங்கே சகஜம். பதில் வந்ததும் எனக்கும் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.