அம்மாவின் கட்டில் இப்போது எங்கே?

கேள்வி: எனக்கு 41 வயது. வீட்டுக்கு ஒரே பையன். பகலில் வேலை, ராத்திரியில் ஓவியம். யெஃபிம் செஸ்த்னியகோவ் என்ற ரஷ்ய ஓவியரைப் பற்றிப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. பீட்டர்ஸ்பர்கை விட்டுத் தன் கிராமத்துக்குத் திரும்பி, படங்களை விற்காமல் தன் இஷ்டப்படி வாழ்ந்தவர். நானும் வேலையை விட நினைக்கிறேன். வெளிச்சம் நன்றாக வருகிறதே என்று அம்மாவின் அறையை ஸ்டுடியோ ஆக்கிவிட்டேன். அம்மா இப்போதைக்கு அக்கா வீட்டில். மனைவிதான் சம்மதிக்க மறுக்கிறாள். அவரைப் போன்ற சுதந்திரம் எனக்குக் கிடைக்க வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, வேலை விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். “இப்போதைக்கு” என்றால் எத்தனை மாதம்? அறையை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அக்காவிடம் கேட்டீர்களா?

செஸ்த்னியகோவைப் பற்றிப் படித்தேன் என்கிறீர்கள். அந்தப் பெயருக்கு அர்த்தம் படிக்கவில்லையா? 1874-இல் கொஸ்த்ரமா மாகாணத்தின் ஷப்லோவோ கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பப் பெயர் சமோய்லவ். வயதான பெற்றோருக்குச் சோறு போடும் ஒரே மகனை அந்தப் பக்கத்தில் ‘செஸ்த்னியாக்’ என்பார்கள். அதிலிருந்து வந்ததுதான் நீங்கள் தூக்கமில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கும் பெயர். நீங்களும் ஒரே மகன்தான்.

பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு, பீட்டர்ஸ்பர்கில் பெரிய ரஷ்ய ஓவியர் ரேப்பின் நடத்திய பட்டறையில் படித்தவர் அவர். 1905-இல் ஊர் திரும்பினார். 1913-இல் மறுபடியும் நகரத்துக்குப் போனார், மறு வருஷமே வந்துவிட்டார். ஊரில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. நிலத்தில் பாடுபட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் வரைந்தார். களிமண்ணில் குட்டிக் குட்டி மனிதர்களைச் செய்தார். அவற்றை வண்டியில் ஏற்றித் தானே இழுத்துப் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். 1961-இல் சாகும்வரை அந்த வட்டாரம்தான். படங்களை விற்கவில்லை என்றால், தன் சோற்றைத் தானே உழைத்துச் சாப்பிட்டார் என்று அர்த்தம். அவர் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் மனைவி மறுப்பதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

1914-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் ஒரு கதை. தாத்தா ஒருவர் காட்டில் பிரம்மாண்டமான ஆப்பிளைப் பார்க்கிறார். தனியாக அசைக்க முடியவில்லை. வீட்டில் இருக்கிற எல்லோரும் வந்து கை கொடுத்த பிறகுதான் அது நகர்கிறது. அந்த மனுஷன் மனசில் இருந்த வீடு அது. ஆளை வெளியேற்றி இடம் பிடிக்கிற வீடு இல்லை. அவர் இறந்தபின் படங்களைக் கந்தலும் தூசியுமாகக் காப்பாற்றி வைத்திருந்ததும் அந்த ஊர் ஜனங்கள்தான். 1968-இல் கொஸ்த்ரமா அருங்காட்சியகத்தார் வந்தபோது அவர்கள் வீடுகளிலிருந்துதான் அவை கிடைத்தன.

வெளிச்சம் நன்றாக வருகிறது என்று நீங்கள் சொல்லும் அந்த ஜன்னல் பக்கத்தில்தானே அம்மா இத்தனை வருஷம் படுத்திருந்தார்? வயசானவர்களுக்கு வெளிச்சம் நம்மைவிட அதிகம் வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் அழைத்து வாருங்கள். கட்டிலைப் பழைய இடத்திலேயே போடுங்கள். டர்பன்டைன் வாடை போக அறையை நன்றாகக் கழுவி விடுங்கள். ஸ்டாண்டைக் கூடத்துக்கு நகர்த்துங்கள். மூலையில் இடம் போதும். அம்மா வந்து ஒரு மாதம் ஆன பிறகு, வேலையை விடுவது பற்றி எழுதுங்கள். பேசலாம்.