ஓட்டிவிட்ட சில நிமிடங்கள்

கேள்வி: அம்மா, எனக்கு வயது 43. கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருக்கிறேன். கல்லூரிக் காலம் முதலே ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் பித்து. எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டிய நாட்களில் ஒரு பந்தயத்தையும் தவறவிட்டதில்லை. ஜெர்மன் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கரைப் பற்றி நெட்ஃபிளிக்ஸில் 2021இல் வந்த ‘ஷூமாக்கர்’ ஆவணப்படத்தை வைத்து எனக்கும் என் தம்பிக்கும் பேச்சு முற்றி, ஒரு வாரமாக முகம் பார்த்துப் பேசவில்லை. குடும்பத்தின் ஒத்துழைப்போடு எடுத்த படம்; மனைவி கண்கலங்கிப் பேசுகிறார், மகன் பேசுகிறார்; அதில் உண்மை எப்படி வரும், இது வெறும் துதிபாடல் என்கிறேன் நான். உடம்புக்கு முடியாமல் இருக்கும் மனிதருக்குக் குற்றப்பத்திரிகையா வாசிப்பார்கள் என்கிறான் அவன். (என் பன்னிரண்டு வயது மகனும் கூட இருந்து பார்த்தான். வார இறுதிகளில் கார்ட் என்னும் சிறு பந்தயக் கார் ஓட்டுகிறான், அவன் அறைச் சுவர் முழுக்க ஷூமாக்கர்தான். ஹெரெஸ் பந்தயம் வந்ததும் அந்தச் சில நிமிடங்களை மட்டும் ரிமோட்டால் ஓட்டிவிட்டேன், பிஞ்சு மனம் வாடக் கூடாதே என்று.) படம் நேர்மையானதா, முகத்துதியா? எங்களில் யார் சொல்வது சரி?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர் (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். படத்தின் குறைகளை ஒன்றரைப் பக்கத்துக்கு அடுக்கியிருக்கிறீர்கள், தம்பியின் பிடிவாதத்துக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். நடுவே அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதிய அந்த ரிமோட் விஷயத்தைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. குற்றங்களை மறைக்கிறது என்று நீங்கள் குறை சொல்லும் அந்தப் படம், ஷூமாக்கரின் பந்தய வாழ்வில் தண்டனைக்குள்ளான பெருங்குற்றத்தை உங்கள் வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்து காட்டியது. அதை மறைத்தவர் இயக்குநர் அல்லர், மனைவி கொரின்னாவும் அல்லர், நீங்கள்தான் மறைத்தீர்கள்.

பல வருடங்களாக இந்தப் பகுதியில் எழுதிவருகிறேன். தாத்தாவின் வாழ்க்கைக் குறிப்பைச் சித்தப்பா பூசி மெழுகி எழுதிவிட்டார், ஊர்ப் பெரியவருக்கு வெளியிட்ட மணிவிழா மலரில் பாதிக்கு மேல் பொய் என்றெல்லாம் கடிதம் வராத மாதம் இல்லை. எழுதுகிறவர்கள் எல்லோரும் பிறர் பூசிய பூச்சுக்குத் தீர்ப்புக் கேட்கிறார்கள். தம் வீட்டுக்குள் தாம் பூசியதைச் சொல்ல வந்தவர்கள் அரிது. நீங்களும் அதைச் சொல்ல வரவில்லை; கை தவறி எழுதிவிட்டீர்கள்.

உங்கள் மகன் எதைப் பார்க்காமல் போனான் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன், ஏனெனில் அது அவனுக்கு உரியது. 1997 அக்டோபர் 26, ஸ்பெயினின் ஹெரெஸ் தடம், பருவத்தின் கடைசிப் பந்தயம். ஃபெராரியில் ஷூமாக்கருக்கு 78 புள்ளிகள், வில்லியம்ஸில் ஜாக் வில்நேவுக்கு 77. யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று தீர்மானிக்கும் முந்தைய நாள் தகுதிச் சுற்றில் வில்நேவ், ஷூமாக்கர், ஃப்ரென்ட்சன் ஆகிய மூவரும் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி கூடப் பிசகாமல் 1 நிமிடம் 21.072 விநாடி என்று ஒரே நேரத்தைப் பதித்திருந்தார்கள். பந்தயத்தில் ஷூமாக்கர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். 48ஆவது சுற்றில், ஒரு வலது வளைவுக்கு முன், வில்நேவ் மிகத் தாமதமாகப் பிரேக் பிடித்து உள்பக்கமாக நுழைந்தார். கணநேரம் கழித்து ஷூமாக்கர் ஸ்டியரிங்கைத் திருப்பித் தம் முன் சக்கரத்தை வில்நேவ் காரின் விலாவில் மோதவிட்டார். மோதியவர்தான் சரளைக்கல்லில் சிக்கி நின்றுபோனார். மோதப்பட்டவர் அடிபட்ட காரை மெல்லப் பாதுகாத்து ஓட்டி மூன்றாவதாக முடித்து உலகச் சாம்பியன் ஆனார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஒரு சிறுவன் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஷூமாக்கர் அன்றே தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய இத்தாலியப் பத்திரிகைகளே கண்டித்து எழுதின. இரண்டு நாள் கழித்துத்தான் தவறு செய்துவிட்டேன் என்றார். நவம்பர் 11ஆம் தேதி சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்ஐஏ அவரை அந்த ஆண்டின் சாம்பியன் பட்டப் பட்டியலிலிருந்தே நீக்கியது. சாலைப் பாதுகாப்புப் பிரசாரத்தில் பங்கெடுக்கவும் பணித்தது. பந்தய வெற்றிகள் ஏட்டில் நின்றன, இரண்டாம் இடம் போயிற்று. இவ்வளவு திறமையுள்ள ஒருவர் தோற்றுவிடுவோம் என்ற அச்சத்தில் ஒரு கணம் என்ன செய்தார், அதைத் தாமே ஒப்புக்கொள்ள அவருக்கு எத்தனை நாள் பிடித்தது, அதற்கு என்ன விலை கொடுத்தார் என்ற மூன்றும் அந்தச் சில நிமிடங்களின் பின்னால் இருக்கின்றன. கார்ட் ஓட்டும் பையனுக்கு இதைவிடப் பயனுள்ள பகுதி அந்தப் படத்தில் வேறு எது?

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். படம் ஓரளவுக்கு முகத்துதிதான், அதில் உங்களோடு எனக்குப் பிணக்கில்லை. 2000ஆம் ஆண்டு ஃபெராரிக்குப் பட்டம் வாங்கித் தந்த வெற்றியை நோக்கிக் கதையை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அது கிடைத்ததும் பிந்தைய ஆண்டுகளை அவசரமாகக் கடக்கிறார்கள். கடினமான கேள்விகள் பல அந்த ஆண்டுகளில்தான் இருக்கின்றன. 2002 மே மாதம் ஆஸ்திரியாவில் அணியின் உத்தரவுக்குப் பணிந்து, முன்னால் போய்க்கொண்டிருந்த சக ஃபெராரி வீரர் பாரிக்கெல்லோ கோட்டருகே வேகத்தைக் குறைத்து ஷூமாக்கருக்கு வெற்றியைக் கொடுத்தார். கூட்டம் கூச்சலிட, மேடையின் உச்சிப்படியில் பாரிக்கெல்லோவை நிறுத்தினார் ஷூமாக்கர். 2006இல் மொனாக்கோவின் ராஸ்காஸ் வளைவில், தகுதிச் சுற்றின் கடைசி நொடிகளில், பின்னால் வரும் போட்டியாளர் அலோன்சோ தம் நேரத்தை மிஞ்சிவிடாதபடி காரை நிறுத்தினார் என்று நடுவர்கள் முடிவு செய்து அவரைக் கிளம்பும் வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள். 2010இல் ஹங்கேரியில் அதே பாரிக்கெல்லோவைச் சுவரோரம் நெருக்கியதற்காக அடுத்த பந்தயத்தில் பத்து இடங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார். ஹெரெஸ் நடந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து ராஸ்காஸ், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ஹங்கேரி என்று சேர்த்துப் பார்க்கும்போது, ஹெரெஸ் ஒரு கண நேரச் சபலம் என்ற எண்ணம் தளர்ந்துவிடுகிறது. இந்தக் கோர்வையின் மேல் தன் பாரத்தை வைக்காதது படத்தின் குறை. அது பெரிய குறை.

ஆனால் வெறும் துதிபாடல் என்றீர்களே, அது நியாயமில்லை. 1994இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரே ஒரு புள்ளி முன்னிலையோடு வந்த ஷூமாக்கர் சுவரில் இடித்துவிட்டுத் தடத்துக்குத் திரும்பி, பட்டத்துக்குப் போட்டியிட்ட டேமன் ஹில்லின் காரோடு மோதினார், இருவரும் வெளியேற முதல் பட்டம் அவர் கைக்குப் போனது. படத்தில் அந்தக் கதை இருக்கிறது. பட்டத்தைப் பறிகொடுத்த ஹில்லே வந்து பேசுகிறார். 1998இல் பெல்ஜியத்தில் கொட்டும் மழையில் எதிரணி வீரர் கூல்ட்ஹார்டின் காரில் பின்னால் இடித்துவிட்டு, அவருடைய அணியின் இடத்துக்கே சண்டைக்குப் போன காட்சியும் இருக்கிறது. நீங்கள் ஒருபோதும் தவறு செய்ததே இல்லையா என்று கேட்டபோது, தம் நினைவில் இல்லை என்று ஷூமாக்கர் சொன்னதாக கூல்ட்ஹார்ட் அதே படத்தில் சொல்கிறார். ஒருவரை வானளாவப் புகழ நினைப்பவர்கள் இந்த ஒரு பதிலையாவது வெட்டியிருப்பார்கள். அவர்கள் வெட்டவில்லை.

மனைவி பேசும் படத்தில் உண்மை எப்படி வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரி எனக்குக் கோபமூட்டியது, மறைக்காமல் சொல்கிறேன். 2013 டிசம்பர் 29ஆம் தேதி பிரான்ஸின் மெரிபெல்லில் பனிச்சறுக்கு ஆடும்போது விழுந்து தலையில் பலத்த காயமடைந்தவர், அதன் பிறகு பொதுவெளிக்கு வரவேயில்லை. அன்று முதல் அந்த வீட்டின் கதவைக் காத்து நிற்பவர் கொரின்னா. ‘மைக்கேல் எப்போதும் எங்களைக் காத்தார், இப்போது நாங்கள் மைக்கேலைக் காக்கிறோம்’ என்று படத்தில் சொல்கிறார். கணவருடைய உடல்நிலையை ஊருக்குக் காட்ட மறுப்பது அவருடைய கடமை. கணவர் மோதிய மோதல்களுக்குக் கணக்குக் கேட்பது எதிராளிகளின் கடமை, நடுவர்களின் கடமை, பத்திரிகைகளின் கடமை. எதிர்நின்று பதில் சொல்ல முடியாதவருக்கு எதிராக அவருடைய மனைவியையே சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பார்க்க ஆசைப்படுவதை என்னால் ஏற்க முடியாது. இந்த இடத்தில் உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. அதே மூச்சில் அவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: நோயுற்ற மனிதர் என்பதற்காக அவர் முன்பு செய்தவை செய்யாதவை ஆகிவிடாது. வீட்டார் அதைப் பேச வேண்டாம். பேசுகிறவர்கள் வாயை மூடவும் வேண்டாம்.

கொரின்னா காப்பதையும் நீங்கள் மறைத்ததையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். அவர் காப்பது, தன்னைக் காத்துக்கொள்ள முடியாத ஒருவரை. உங்கள் மகனைக் காப்பாற்றத்தான் ஓட்டினேன் என்கிறீர்கள். ஹெரெஸைப் பார்த்தால் அவனுக்கு என்ன ஆகியிருக்கும்? சுவரிலிருந்து படம் ஒன்றைக் கழற்றியிருப்பான், அல்லது இரவு உணவின்போது உங்களைக் குடைந்து குடைந்து கேட்டிருப்பான். இரண்டாவதற்குத்தான் நீங்கள் பயந்தீர்கள் என்று எனக்குப் படுகிறது. வாடிவிடும் என்று நீங்கள் அஞ்சியது உங்களுக்குள் கல்லூரிக் காலத்திலிருந்து இருக்கும் ஷூமாக்கர் பக்தி. பிள்ளையின் பெயரைச் சொல்லி அதைப் பாதுகாத்துக்கொண்டீர்கள்.

என் தாத்தா, தமக்குத் தம்பி முறையான பங்காளியின் நிலத்தை எப்படி எழுதி வாங்கினார் என்பதை, என் நாற்பதாவது வயதில், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. அவர் செய்த காரியத்தைவிட, வீட்டில் இருந்த அத்தனை பேரும் அதை அறிந்து என்னிடம் மட்டும் சொல்லாமல் இருந்தார்கள் என்பதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. உங்கள் மகனுக்கு நாற்பது வயதாகும் வரைகூட ஆகாது. அடுத்த வார இறுதியில் கார்ட் தடத்தில் வேறு ஒரு பையன் சொல்லிவிடுவான். அப்பா அந்த இடத்தில் ஏன் ஓட்டினார் என்று இவன் அப்போதே கணக்குப் போட்டுவிடுவான்.

ஷூமாக்கரின் தந்தை ரோல்ஃப் கொத்தனார். நான்கு வயதுப் பிள்ளையின் மிதிகாரில் சின்ன எஞ்சினைப் பொருத்திக் கொடுத்தவர் அவர்தான். பிறகு ஜெர்மனியின் கெர்பன் ஊரில் கார்ட் தடத்தைப் பார்த்துக்கொண்டார், தாய் எலிசபெத் அங்கேயே சிற்றுண்டிக் கடை நடத்தினார். பிறர் கழித்துப்போட்ட டயர்களை மாட்டி ஓட்டிப் பழகிய பையன் அவர். கார்ட் ஓட்டும் பிள்ளைக்குத் தகப்பன் செய்ய வேண்டியது எஞ்சினோடும் டயரோடும் முடிந்துவிடுகிறதா? நாளைக்கே ஒரு வளைவில் எவனோ ஒருவன் உங்கள் மகனின் உள்பக்கமாக நுழைவான். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கை அந்த நொடியில் யோசித்துச் செய்யாது. முன்பே உள்ளே போட்டுவைத்ததைத்தான் செய்யும். உள்ளே என்ன போட்டுவைத்திருக்கிறீர்கள்? பந்தயக் காரின் முன் சக்கரத்தால் பகையைத் தீர்த்துக்கொள்ளலாம், பின்னால் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள் என்பதையா?

படத்தில் ஷூமாக்கரின் மகன் மிக் வருகிறார். தந்தையைப் போலவே அவரும் ஃபார்முலா ஒன் ஓட்டியவர். தந்தையோடு இப்போது பந்தயத்தைப் பற்றிப் பேச முடிந்தால் அதற்காக எதையும் கொடுத்துவிடுவேன் என்னும் பொருள்பட அவர் பேசும் இடத்தில் நான் அழுதுவிட்டேன். அந்தப் பகுதியை நீங்கள் ஓட்டவில்லை என்று நம்புகிறேன். மிக் ஏங்குவது உங்கள் மகனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: பந்தயம் தெரிந்த அப்பா, பேசக்கூடிய அப்பா, சோபாவில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பேச வேண்டிய நேரம் வந்ததும் அவர் ரிமோட்டை எடுத்தார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்குக் கிளம்பும் முன், காலையிலேயே, அவனை உட்காரவைத்து அந்த இடத்தைப் போடுங்கள். நடுவே விளக்கம் சொல்லாதீர்கள். பிறகு மொனாக்கோ 2006 தகுதிச் சுற்றையும் தேடி எடுத்துக் காட்டுங்கள், ஏனெனில் அங்கே படம் உங்களுக்கு உதவாது. ‘வேணும்னேதான் இடிச்சாராப்பா?’ என்று அவன் கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள், ஆனால் என்று ஆரம்பிக்காதீர்கள். 1994ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்டால் நடுவர்கள் தண்டிக்கவில்லை என்பதையும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பதையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சுவரில் இருக்கும் படங்களைக் கழற்றுவதும் விடுவதும் அவன் பாடு. அதில் கை வைக்காதீர்கள். தம்பியையும் அன்றைக்கு வீட்டுக்கு அழையுங்கள், ஒரு வார மௌனம் போதும். முதல் முறை பார்த்தபோது அந்த இடத்தை ஏன் ஓட்டினீர்கள் என்பதைத் தம்பி இருக்கும்போதே, அவன் கேட்பதற்கு முன்பே, மகனிடம் சொல்லிவிடுங்கள்.