பைக் பழகுபவர்கள் கேட்டவை: முன் பிரேக், வளைவு, நடுவில் ஒரு சண்டை

பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. எனக்குத் தெரிந்தது ஓட்டுவதும் ஓட்டக் கற்றுத்தருவதும்தான், அதற்கு வெளியே கேட்டால் கையை விரித்துவிடுவேன்.

கேள்வி: முன் பிரேக் பிடித்தால் வண்டி குட்டிக்கரணம் அடிக்கும் என்கிறார்களே, பின் பிரேக் மட்டும் போதாதா?

போதாது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரமும் உங்கள் பாரமும் முன்னால் போகிறது, முன் டயர் சாலையில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. லேசான டயரை எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் நின்று வழுக்குமே தவிர வண்டி நிற்காது. நிறுத்தும் வேலையில் ஏறக்குறைய முக்கால் பங்கு முன் பிரேக்குடையது. ஆபத்து பிரேக்கில் இல்லை, வெடுக்கென்று இழுப்பதில் இருக்கிறது. முதலில் லேசாகப் பிடியுங்கள், முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) அமுங்குவது கையில் தெரியும், அப்புறம் அழுத்தத்தைக் கூட்டுங்கள். எல்லாமே ஒரு நொடிக்குள் நடக்கிற காரியம் என்பதால் விரல்களுக்குப் பழக வேண்டும். காலி மைதானத்தில், நேர்கோட்டில், 20 கி.மீ. வேகத்தில் ஆரம்பியுங்கள். ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டு.

கேள்வி: ஏபிஎஸ் இருந்தால் இதெல்லாம் தேவையில்லையே?

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும், ஆனால் பிரேக்கைப் பிடிக்க வேண்டியது நீங்கள்தான். 60 கி.மீ. வேகத்தில் நீங்கள் ஒரு நொடி யோசித்தால் வண்டி 17 மீட்டர் போய்விடும், அதை எந்தக் கருவியும் திருப்பித் தராது.

கேள்வி: எந்த பைக் வாங்கலாம்?

இரண்டு பாதமும் தரையில் படுகிற வண்டி. மற்றதை விற்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வேகமாகப் போகும்போது வளைவில் எப்படித் திருப்புவது?

வலப்பக்கம் போக வேண்டுமா, வலது கைப்பிடியை மெதுவாக முன்னால் தள்ளுங்கள். ஆமாம், ஹேண்டில் ஒரு கணம் இடப்பக்கம் திரும்பும், சக்கரம் உங்களுக்கு அடியிலிருந்து இடப்பக்கம் நழுவும், வண்டி வலப்பக்கம் சாயும். சாய்ந்தால்தான் திரும்பும். கண்ணை வளைவு முடிகிற இடத்தில் வையுங்கள். குழியையே பார்த்தால் குழிக்குள்தான் போவீர்கள்.

கேள்வி: தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். நான் பல வருடமாக உடம்பைச் சாய்த்துத்தான் திருப்புகிறேன்.

நீங்கள் சாயும்போது கை சும்மா இருப்பதில்லை, தன்னை அறியாமல் தள்ளுகிறது. விமானம் செய்த வில்பர் ரைட் சைக்கிள்காரர்களிடம் இதையே விசாரித்திருக்கிறார், தாங்கள் எப்படித் திருப்புகிறோம் என்பதை ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை.

கேள்வி: சைக்கிளும் பைக்கும் ஒன்றா? கையை விட்டே திருப்புகிறவர்கள் இருக்கிறார்களே!

இருக்கிறார்கள், அகலமான வளைவில், சாவகாசமாக. அமெரிக்கப் பயிற்சியாளர் கீத் கோட் ஒரு பைக்கில் இரண்டாவது ஹேண்டில் ஒன்றை வண்டியின் ஃபிரேமோடு அசையாதபடி பொருத்தினார். அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை எப்படி வளைத்தாலும் வண்டி கொஞ்சம் ஒதுங்குமே ஒழிய, நினைத்த கோட்டில் திரும்பாது. திடீரென்று ஒரு கார் கதவு திறந்தால் விலகத் தேவைப்படுவது அந்தச் சுருக்கான திருப்பம்தான். இதை நடக்கிற வேகத்தில் சோதித்துவிட்டு வந்து சண்டை போடாதீர்கள், அங்கே கணக்கு வேறு.

கேள்வி: முன் பிரேக் ஆபத்தானதா?

முதல் பதில்.

கேள்வி: எதிரே வரும் கார் சட்டென்று குறுக்கே திரும்பினால்?

அவர் உங்களைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1981-இல் வெளியான ஹர்ட் அறிக்கை என்ற அமெரிக்க ஆய்வு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்தது. வேறு வண்டியோடு மோதியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, மற்ற வண்டி வழிவிடாததால் நடந்தவை. டிரைவரின் முகத்தை நம்பாதீர்கள், காரின் முன் சக்கரத்தைப் பாருங்கள், கார் நகர்வது அங்கேதான் முதலில் தெரியும். சந்திப்புக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, விரலை பிரேக் லிவர் மேல் வையுங்கள்.

கேள்வி: ஹெல்மெட் வாரை மாட்டினால் கழுத்து உறுத்துகிறது, பரவாயில்லையா?

மாட்டாத ஹெல்மெட் உங்களுக்கு முன்னால் கிளம்பிப் போய்விடும். வேறு அளவு வாங்குங்கள்.

கேள்வி: மழையில் முன் பிரேக்...

பிடிக்கலாம், இன்னும் மெதுவாக, இன்னும் முன்கூட்டியே. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் மோசம், சாலையில் படிந்த எண்ணெய் மேலே வரும். பெயின்ட் கோடு, இரும்பு மூடி இரண்டின் மேலும் வண்டியைச் சாய்க்காமல் நேராக வைத்துக் கடந்து போங்கள், அவற்றின் மேல் இருக்கும்போது பிரேக்கும் வேண்டாம், ஆக்சிலேட்டரும் வேண்டாம்.