மகன் பொய் சொல்லவில்லை, உங்கள் சுவர்ப்படம்தான் சொல்கிறது

கேள்வி: என் மகன் கனடாவின் வட அந்தத்தில் ரெசொலூட் என்ற இடத்தில் வேலை செய்கிறான். அங்கிருந்து கிறீஸ் ஃபியோர்ட் என்ற ஊருக்கு அடிக்கடி பிளேனில் போய்வருகிறானாம், 'ஒன்றரை மணித்தியாலம்தான் அம்மா' என்கிறான். வீட்டுச் சுவரில் இருக்கும் உலகப் படத்தில் அடிமட்டம் வைத்துப் பார்த்தால், கல்முனையிலிருந்து மும்பைக்குப் போகிற அளவு தூரம் வருகிறது! நான் பயப்படுவேன் என்று குறைத்துச் சொல்கிறானோ?
– ஒரு தாய், கல்முனை

பதில்: இல்லை அக்கா, பிள்ளை சொல்வது சரி. நேர்கோட்டில் 380 கிலோமீற்றர் அளவுதான், நம் தீவின் நெடுக்கத்தை விடவும் குறைவு. ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாருங்கள், சுளை நடுவில் அகலமாக இருந்து காம்புப் பக்கம் போகப் போக ஒடுங்கும், பூமியின் நெடுங்கோடுகளும் அப்படித்தான். கல்முனைப் பக்கம் ஒரு பாகைக்கு 110 கிலோமீற்றர், அந்த ஊர்கள் இருக்கிற வட அகலக்கோட்டில் வெறும் 28. உங்கள் படமோ எல்லாச் சுளைகளையும் ஒரே அகலத்துக்கு இழுத்து ஒட்டியிருக்கிறது, அதனால்தான் அங்கே தூரம் நாலு மடங்காகத் தெரிகிறது.

அங்கே ஊருக்கு ஊர் தெருவே கிடையாது, சாமான் கப்பல் கோடையில் மட்டும் வரும், மற்றபடி எல்லாம் பிளேன்தான். கிறீஸ் ஃபியோர்டுக்குப் போவது பெரும்பாலும் ட்வின் ஒட்டர் என்கிற சின்ன விமானம், மாலைதீவில் மிதவை கட்டிக் கடலில் இறக்குகிறார்களே அதே இனம், இங்கே சரளைக்கல் ஓடுபாதையில் இறங்கும். (இந்த 'கிறீஸ்' மோட்டார் கிறீஸ் இல்லை, நோர்வே மொழியில் பன்றி! பன்றி மாதிரி உறுமுகிற வால்ரஸ் என்ற கடல் விலங்குகளைக் கேட்டு வைத்த பெயர்.) 2021 கணக்கெடுப்பில் அங்கே 144 பேர், ரெசொலூட்டில் 183. இரண்டு ஊரும் 1953இல் கனடா அரசாங்கம் அந்த வட நிலத்துப் பூர்வகுடிகளான இனுயிட் குடும்பங்களைச் சுமார் 2,000 கிலோமீற்றர் தெற்கிலிருந்து கொண்டுவந்து இறக்கிய இடங்கள், இரண்டு வருடத்தில் விரும்பினால் திரும்பலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள், மன்னிப்புக் கேட்டது 2010இல். இடம்பெயர்வு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அப்புறம், நீங்கள் அளந்த மும்பைத் தூரம் அங்கே இல்லாமலும் இல்லை. கிறீஸ் ஃபியோர்டில் ஒருவருக்குக் கடுமையாக முடியாமல் போனால் ஆஸ்பத்திரி இருப்பது இக்கலூயிட் என்ற நகரத்தில், நேரே 1,500 கிலோமீற்றர். வழமையான பயணி ரெசொலூட் வழியாகச் சுற்றிப் போகும்போது அது 1,950 ஆகிவிடுகிறது, அதுவும் பனிப்புயல் விட்டால்தான். மகனிடம் இனிமேல் தூரத்தைக் கேட்காதீர்கள், காலநிலையைக் கேளுங்கள்.

கேள்வி: மட்டக்களப்பு – யாழ்ப்பாணம் ஆகாயத் தூரம் எவ்வளவு? விமானிகள் ஏன் கிலோமீற்றரில் சொல்வதில்லை?
– ஏறாவூர் வாசகர்

பதில்: 290 கிலோமீற்றர் அளவு. விமானிகள் பாவிப்பது கடல் மைல், ஒன்று 1.852 கிலோமீற்றர். வடக்கு தெற்காக அளக்கும் அகலக்கோட்டுப் பாகை ஒன்றை 60ஆகப் பிரித்தால் வருவது அது, படத்தில் வைத்து அளக்கச் சுகம். அந்தக் கணக்கில் இது 157. பஸ்காரரிடம் இதைச் சொல்லி டிக்கெட் காசைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.