மைட்ரல் வால்வு லீக்: ரிப்பேர் செய்வதா, வால்வையே மாற்றுவதா?

அம்மாவுக்கு 56 வயது, எக்கோவில் (இதய ஸ்கேன்) ‘சிவியர் எம்.ஆர்.’, அதாவது இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வில் பலமான லீக் என்று வந்திருக்கிறது, வால்வை மாற்றச் சொல்கிறார்கள், ரிப்பேர் செய்தால் நிலைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. என் அப்பாவுக்கு 61 வயதில் இதே வால்வை ரிப்பேர் செய்தார்கள், கூடவே இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அப்பாவுக்குப் படுத்தால் மூச்சு முட்டும். ஒரு தலையணை இரண்டாகி, மூன்றாகி, கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார். வாயுத் தொல்லை என்று நினைத்து ஒரு மாதத்தை வீணாக்கினோம்.

முதலில் பார்த்த இடத்தில் மாற்று வால்வுதான் என்றார்கள். மனசு கேட்காமல் இன்னொரு சர்ஜனிடம் போனோம். அவர் எக்கோ கவரின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். இந்த வால்வுக்கு இரண்டு இதழ்கள், பாராசூட்டுக்குக் கயிறு கட்டியது போல அவற்றைக் கீழிருந்து பிடித்துக்கொள்ள மெல்லிய நாண்கள். அப்பாவுக்குப் பின்னிதழின் நாண் ஒன்று அறுந்து, இதயம் சுருங்கும்போதெல்லாம் ரத்தம் நுரையீரல் பக்கமே திரும்பிப் போயிருக்கிறது. அறுந்த நாணுக்குப் பதில் கோர்-டெக்ஸ் என்ற செயற்கை நூல் வைத்துத் தைத்து, விரிந்துபோன வால்வு வாயைச் சுற்றி ஒரு ரிங் போட்டார்கள் (இந்த ரிங் முறையைக் கொண்டுவந்தவர் அலன் கார்பான்டியே என்ற பிரெஞ்சு சர்ஜன், 1960களின் கடைசியில்). தைத்ததும் உள்ளே உப்புநீரை நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்ப்பார்களாம், இதயம் மறுபடி துடிக்க ஆரம்பித்த பிறகு உணவுக்குழாய் வழியாக எக்கோ வைத்து இன்னொரு தடவை.

பக்கத்துக் கட்டில் தம்பிக்கு உலோக வால்வு. வார்டு அடங்கிய பிறகு அது டிக், டிக் என்று அடிப்பது எனக்கே கேட்டது. அவருக்கு ஆயுசு முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, விடாமல் ஐ.என்.ஆர். டெஸ்ட் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது). மாடு, பன்றியின் திசுவில் செய்த திசு வால்வு என்றால் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருஷங்களில் தேய்ந்துவிடும். அப்பாவுக்கு அந்த மாத்திரை மூன்று மாதத்தோடு நின்றது.

ஆனால் ஒன்று, எல்லா வால்வையும் ரிப்பேர் செய்ய முடியாது. சின்ன வயதில் தொண்டைப்புண் காய்ச்சலால் வந்த ருமாட்டிக் பாதிப்பு என்றால் இதழ்கள் தடித்துச் சுருங்கி, சிலருக்குச் சுண்ணாம்பும் படிந்திருக்கும். அதில் ரிப்பேர் கஷ்டம், செய்தாலும் மறுபடி கெட வாய்ப்பு அதிகம். நம் ஊரில் இது நிறைய. அதனால் லீக் எதனால் வந்தது என்பதை முதலில் கேளுங்கள். அப்புறம் சர்ஜனிடம், இந்த மாதிரி ரிப்பேர் அவர் எத்தனை செய்திருக்கிறார், நடுவில் சரிவராவிட்டால் எந்த வால்வு வைப்பார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அதை அம்மா மயக்கத்துக்குப் போகும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

ரிப்போர்ட்டில் ஈ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 58 என்று இருந்தால் பரவாயில்லையே என்று இருந்துவிடாதீர்கள். லீக் பலமாக இருக்கும்போது பாதி ரத்தம் எளிதாகப் பின்னால் போவதால் அந்த எண் ஏறித்தான் தெரியும், 60க்குக் கீழே வந்தாலே இதயத் தசை தளர ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணை கொண்டுபோங்கள். பல் பிடுங்கப் போனால் வால்வில் ரிங் இருப்பதை முதலில் சொல்லச் சொல்லுங்கள், அதற்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள்.